வண்டிக்குள் மாட்யூல்கள் பேசாமல் போனால்: அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

வண்டிக்குள் எஞ்சின், பிரேக், ஏர்பேக் என்று ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி கவனிக்கிறது; அதுதான் மாட்யூல். பிழை படிக்கும் ஸ்கேனரில் ‘யூ’ என்று தொடங்கும் கோடு, அதாவது பிழைக் குறியீடு, வந்தால் பெரும்பாலும் பொருள் இதுதான்: ஒரு மாட்யூலுக்கு இன்னொரு மாட்யூலின் பேச்சு கேட்கவில்லை. அந்த இன்னொன்று செத்துவிட்டது என்று கோடு சொல்லவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை பேர் பணத்தை இழந்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறேன். வியாசர்பாடியிலிருந்து ஒரு கால் டாக்சி ஓட்டுநர் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். “அண்ணே, இந்த மாசம் டியூவே கட்டல, ஈ.சி.யூ வாங்கச் சொல்றாங்க” என்றார். எஞ்சினை நடத்தும் மாட்யூலைத்தான் ஈ.சி.யூ என்கிறோம். பேட்டரி டிரேயின் அடியில் எர்த் போல்ட்டைக் கழற்றினால் உப்பும் துருவுமாக உதிர்ந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கியதும் வண்டி ஸ்டார்ட் ஆனது. கடலை ஒட்டிய எங்கள் பக்கத்தில் இது அபூர்வமே இல்லை. அதனால்தான் கீழே எல்லா இடத்திலும் செலவில்லாத சோதனை முதலிலும், மாட்யூல் கடைசியிலும் வருகிறது.

கையில் வேண்டியவை: ஒரு நல்ல மல்டிமீட்டர், இரண்டு ஒயர் இழுத்த 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, எல்லா மாட்யூலையும் படிக்கும் ஸ்கேனர், ஒரு காகிதம். எஞ்சினை மட்டும் படிக்கும் சின்ன புளூடூத் கருவி இந்த வேலைக்குப் போதாது.

எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு வேலை

பேட்டரியை அளந்துவிடுங்கள். வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் நல்ல பேட்டரி. 12.2-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றாமல் மேலே போகாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், அந்த நேரத்தில் மாட்யூல்கள் அணைந்து எழும். அதனாலேயே வரிசையாக யூ கோடுகள் பதிவாகும். அந்தக் கோடுகளைத் துரத்தினால் பொழுதுதான் போகும்.

அடுத்தது காகிதம். முழு ஸ்கேன் எடுத்து, எந்த மாட்யூல் பதில் சொல்கிறது, எது சொல்லவில்லை என்று இரண்டு பக்கமாக எழுதுங்கள். பதில் சொல்பவை யாரைப் பற்றிப் புகார் சொல்கின்றன என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். யூ0100 என்றால் எஞ்சின் ஈ.சி.யூவின் பேச்சு கேட்கவில்லை. யூ0101 கியர், யூ0121 ஏ.பி.எஸ், யூ0140 பாடி கண்ட்ரோல், யூ0151 ஏர்பேக், யூ0155 மீட்டர் போர்டு. எழுதியபின் எல்லாக் கோடுகளையும் அழித்து, சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள். திரும்பி வருபவைதான் இன்றைய பிழை.

எல்லாக் கையும் ஒரே மாட்யூலைக் காட்டினால் கீழே ‘ஒரே ஒரு மாட்யூல்’ என்ற பகுதிக்குப் போங்கள். ஆளாளுக்கு ஒருவரைக் காட்டினால் அது லைன் பிழை, அதாவது மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் பொது ஒயரில் பிழை. ‘எல்லா லைட்டும் ஒன்றாக எரிகிறது’ என்ற பகுதி.

அறிகுறி: ஸ்கேனரே இணையவில்லை

வண்டி நன்றாக ஓடுகிறதா? ஓடுகிறது என்றால் பெரும்பாலும் பிழை ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில்தான். மாட்யூல்களைத் தொடாதீர்கள்.

16-ஆம் பின்னில் பேட்டரி வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் பியூஸ். பல வண்டிகளில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் இதற்கும் ஒரே பியூஸ்தான்; மட்டமான மொபைல் சார்ஜர் ஒன்று அதைப் போக்கியிருக்கும். 4, 5 இரண்டும் எர்த். வோல்ட் இருந்தும் ஸ்கேனர் விளக்கு மினுக்கினால் எர்த்தைப் பாருங்கள். அப்புறம் டார்ச் அடித்துப் பின்களைப் பாருங்கள்: யாராவது தடித்த முனையைச் செருகி விரித்துவிட்டிருப்பார்கள்.

6-இலும் 14-இலும் பின்னே இல்லை, 7-இல் மட்டும் இருக்கிறது என்றால் அது கே-லைன் வண்டி, ஒற்றை ஒயரில் பேசும் பழைய முறை. ஸ்கேனரில் சரியான மாடலைத் தேர்ந்தெடுத்தால் போதும். கீழே சொல்லும் 60 ஓம் கணக்கு அதற்குப் பொருந்தாது.

இவை எல்லாம் சரி, வண்டியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

அறிகுறி: எல்லா லைட்டும் ஒன்றாக எரிகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

செக் லைட், ஏ.பி.எஸ், ஏர்பேக், ஸ்டீயரிங் எல்லாம் எரியும். மீட்டர் முள் செத்துக் கிடக்கும். ஓட்டுநர் பயந்து போயிருப்பார். இது பொது லைனே விழுந்துவிட்டதன் அடையாளம். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும், ஏனென்றால் விடை ‘கேன்’ எனப்படும் அந்தப் பொது லைனின் இரண்டே ஒயரில் இருக்கிறது: 6-ஆம் பின்னில் கேன்-ஹை, 14-ஆம் பின்னில் கேன்-லோ.

சாவியை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஐந்து நிமிடம் விடுங்கள். மீட்டரை ஓமில் வைத்து 6-க்கும் 14-க்கும் நடுவில் அளங்கள். லைனின் இரண்டு முனையிலும் தலா 120 ஓம் இருப்பதால் 60 வர வேண்டும். 58, 62 என்று வந்தாலும் நல்லதுதான்.

120 வந்தால்: ஒரு முனை கழன்றிருக்கிறது, அல்லது நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. ஒரு முனை பெரும்பாலும் எஞ்சின் ஈ.சி.யூவுக்குள் இருக்கும், இன்னொன்று வண்டிக்கு வண்டி மாறும். மீட்டர் போர்டு, பாடி கண்ட்ரோல், பியூஸ் பாக்ஸ் என எங்கேயும் இருக்கலாம். முதலில் அந்த இரண்டின் கப்ளரையும் (ஒயர் செருகும் இணைப்பு) கழற்றி மாட்டுங்கள். சமீபத்தில் டிங்கரிங் நடந்ததா, டாஷ்போர்டு கழற்றப்பட்டதா என்று கேளுங்கள்; கப்ளர் பாதி செருகிய நிலையில் நின்றிருக்கும். பின்பு எலி. எங்கள் பக்கத்தில் எலி என்றால் பெருச்சாளி. ராத்திரி தெருவில் நிற்கும் வண்டியின் எஞ்சின் சூட்டுக்கு ஏறி, ஃபயர்வால் பக்கம் போகும் ஒயரிங்கைக் கடித்துவிடும். பேட்டரிக்குப் பின்புறமும், ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியிலும் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும்.

0 முதல் 5 ஓம் வரை வந்தால்: ஹையும் லோவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. நசுங்கிய ஒயர், தண்ணீர் புகுந்த கப்ளர், அல்லது உள்ளே ஷார்ட் ஆன மாட்யூல்.

40 ஓம் பக்கம் வந்தால்: மூன்றாவதாக ஒரு 120 ஓம் சேர்ந்திருக்கிறது. பின்னால் பொருத்திய ஏதோ ஒரு கருவி.

மீட்டரில் எதுவுமே வராவிட்டால்: சாக்கெட்டுக்கு வரும் ஒயரே அறுந்திருக்கிறது. சில வண்டிகளில் சாக்கெட்டுக்கும் உள் லைனுக்கும் நடுவே வாசல் போல ஒரு கேட்வே மாட்யூல் இருக்கும். அங்கே சாக்கெட்டில் அளப்பது உள்ளே இருக்கும் லைனைக் காட்டாது. அப்படிப்பட்ட வண்டியில் கேட்வேயின் கப்ளரிலேயே அளக்க வேண்டும். அதற்கு அந்த மாடலின் ஒயரிங் படம் கையில் இல்லாமல் இறங்காதீர்கள்.

60 சரியாக வந்தும் லைன் செத்திருந்தால்: பேட்டரியைத் திரும்ப மாட்டி, சாவியை ஆன் செய்து, இரண்டு ஒயரையும் தனித்தனியாக எர்த்துக்கு எதிரே அளங்கள். நல்ல லைனில் ஹை 2.5-இலிருந்து 2.8 வோல்ட் வரை, லோ 2.2-இலிருந்து 2.5 வரை ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் கூட்டினால் சுமார் 5 வரும். ஏதாவது ஒன்று 0-இல் ஒட்டிக்கொண்டால் எர்த் ஷார்ட். 12 பக்கம் போனால் எங்கேயோ பேட்டரி ஒயர் தொடுகிறது. இரண்டும் 2.5-இல் அசையாமல் நின்றால் யாருமே பேசவில்லை. மாட்யூல்களுக்குக் கரண்ட் போகிறதா, இக்னிஷன் ரிலே வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: டெஸ்ட் பல்பை இந்த இரண்டு ஒயரில் ஒருபோதும் வைக்காதீர்கள். பல்பு இழுக்கும் கரண்ட்டை மாட்யூலின் உள்சில்லு தாங்காது. இல்லாத பிழையை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

ஷார்ட் என்று தெரிந்தபின் மாட்யூல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அளக்க வேண்டும். எதைக் கழற்றியதும் அளவு சரியாகிறதோ, பிழை அதிலோ அதற்குப் போகும் கிளை ஒயரிலோ இருக்கிறது. நான் போகும் வரிசை இது: கம்பெனி போடாத கருவிகள் முதலில். அடுத்து தண்ணீர் படும் இடத்தில் இருப்பவை. அப்புறம் எஞ்சின் பக்கம் இருக்கும் ஏ.பி.எஸ். பிறகு உள்ளே டாஷ்போர்டுப் பக்கம். எஞ்சின் ஈ.சி.யூ கடைசி. முனை மின்தடை உள்ள மாட்யூலைக் கழற்றும்போது 120-க்குத் தாவும். அது பிழையில்லை, குழம்ப வேண்டாம். கழற்றும் ஒவ்வொரு தடவையும் சாவி ஆஃபில் இருக்கட்டும். மஞ்சள் கப்ளர் எல்லாம் ஏர்பேக். பேட்டரி கழற்றிய பின்பும் அவற்றை வீட்டில் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும் கழற்றியும் ஷார்ட் போகவில்லை என்றால் ஒயரிங்கில்தான் பிழை. பம்பர் மூலை, கதவுக் கீல், சீட் தண்டவாளம் ஆகிய மூன்றையும் பார்த்தும் கிடைக்காவிட்டால், வோல்ட் ஆடுவதைப் படமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் வைத்திருக்கும் ஆளிடம் போங்கள்.

அறிகுறி: ஒரே ஒரு மாட்யூல் மட்டும் பேசவில்லை

மற்ற எல்லாம் பதில் சொல்கின்றன, ஏ.பி.எஸ் மட்டும் ஊமை. இங்கே 60 ஓம் வந்துவிட்டது என்று லைனை நம்பிவிடக் கூடாது. லைனிலிருந்து பிரிந்து அந்த மாட்யூலுக்குப் போகும் கிளை அறுந்திருந்தாலும் சாக்கெட்டில் 60 தான் காட்டும்.

முதலில் அதற்கான பியூஸ்கள். பன்மையில் சொல்கிறேன்: ஏ.பி.எஸ்ஸுக்கு மோட்டார், வால்வு, இக்னிஷன் என்று இரண்டு மூன்று பியூஸ் இருப்பது வழக்கம்.

பியூஸ் நல்லதென்றால் கப்ளரைக் கழற்றி 21 வாட் பல்பை ஒயர் பக்கக் கப்ளரின் பாசிட்டிவ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் வையுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஒயருக்குள் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், பல்பு மங்கும். கரண்ட் ஓடும்போது எர்த் ஒயரின் மாட்யூல் பக்க முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அந்த எர்த் கெட்டது. நான் பார்த்த ‘செத்த’ மாட்யூல்களில் பாதிக்கு மேல் இந்தச் சோதனையிலேயே உயிரோடு திரும்பியவை.

பல்பு நன்றாக எரிந்தால் அந்தக் கப்ளரிலேயே கேன்-ஹை, கேன்-லோ இரண்டும் வருகிறதா என்று அளங்கள். பின்களில் பச்சைக் களிம்பு இருக்கிறதா, ஏதாவது பின் பின்னுக்குப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கரண்ட், எர்த், இரண்டு ஒயர் நான்கும் கப்ளரில் சரியாக இருக்கின்றன, ஆனாலும் மாட்யூல் பேசவில்லை என்றால் மட்டுமே அந்த மாட்யூலைச் சந்தேகிக்கலாம். அங்கே நிறுத்திவிட்டுக் கோடிங் (மாட்யூலில் அந்த வண்டிக்கான தகவலை ஏற்றும் வேலை) தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: வருகிறது, போகிறது

எனக்கு அதிக நாள் தின்ற பிழைகள் இவைதான். கடைக்கு வந்தால் வண்டி நன்றாக இருக்கும். எனவே ஓட்டுநரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ரோட்டில், எந்த நேரத்தில், மழையா வெயிலா.

பள்ளத்தில் விழும்போது வருகிறது என்றால் கப்ளரும் எர்த் போல்ட்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனரில் நேரடி அளவுகளைத் திறந்து வைத்து, ஒயரிங்கை அடி அடியாக அசைத்துப் பாருங்கள். கப்ளரை ஸ்குரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டுங்கள். எந்த இடத்தில் அளவு உறைகிறதோ அங்கே நில்லுங்கள்.

காலையில் மட்டும் வருகிறது, வெயில் ஏறினால் சரியாகிறது என்றால் ஈரம். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் சின்ன வண்டிகளில் இது தனி ரகம். ஐஸ் உருகி மீன் தண்ணீர் பாடியின் அடியில் வழிந்து, சேசிஸ் எர்த் மீதும் பின்புற ஒயரிங் கப்ளர் மீதும் சொட்டுகிறது. உப்புத் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே இருக்கும். ராத்திரிப் பனிக்கு மறுபடி ஈரமாகி கரண்ட்டைக் கசியவிடும். இந்த வண்டிகளின் எர்த்தைத் தேய்த்து மாட்டினால் மட்டும் போதாது. நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மாட்டிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். முடிந்தால் எர்த் இடத்தையே தண்ணீர் சொட்டாத பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வெள்ளம் பார்த்த வண்டி என்றால் கார்ப்பெட்டைத் தூக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் நின்ற வண்டிகள் பல மாதம் கழித்துத்தான் என்னிடம் வந்தன. கார்ப்பெட் மேலே காய்ந்திருக்கும். அடியில் இருக்கும் பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் வரும். ஒயர்கள் ஒன்றுசேரும் இணைப்புகள் அதே இடத்தில் டேப்புக்குள் கிடக்கும். டேப்பைப் பிரித்தால் பச்சையாக உதிரும். உறையைக் கொஞ்சம் உரித்துச் செம்பின் நிறத்தைப் பாருங்கள். கறுத்திருந்தால் பளிச்சென்ற செம்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். தண்ணீர் உறைக்குள்ளேயே ஊர்ந்து வெகுதூரம் போயிருக்கும்.

ஒட்டும்போது ஒரு விதி. கேன் ஒயர் இரண்டும் முறுக்கித்தான் வரும். அந்த முறுக்கை ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பிரித்து வைக்காதீர்கள். இரண்டு ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் முன்னும் பின்னுமாக இருக்கட்டும். ஈயம் வைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாய் போடுங்கள். வெறும் முறுக்கு, மேலே டேப் என்று விட்டால் அடுத்த மழைக்கு அதே வண்டி திரும்பி வரும்.

அறிகுறி: புதிதாக ஏதோ பொருத்திய பிறகு தொடங்கியது

ஆண்ட்ராய்டு செட், ஜி.பி.எஸ் டிராக்கர், ரிவர்ஸ் கேமரா, கூடுதல் லைட். பொருத்தியதைக் கழற்றுங்கள், சும்மா ஆஃப் செய்வது போதாது, கப்ளரையே பிரியுங்கள். பிழை போய்விட்டால் விடை கிடைத்துவிட்டது. போகாவிட்டால், பொருத்தியவர் எங்கே கத்தி வைத்தார், எந்த ஒயரில் கரண்ட் எடுத்தார் என்று தேடுங்கள். 16 பின் சாக்கெட்டின் பின்னால்தான் டிராக்கர் ஒயரை அதிகம் ஒட்டுகிறார்கள்.

அறிகுறி: லாரியில் பவர் குறைகிறது, ஆட்ப்ளூ லைட்டோடு தொடர்புப் பிழை

மணலி, எண்ணூர் பக்கம் துறைமுக வரிசையில் நிற்கும் பி.எஸ்.6 டிரெய்லர்களில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஆட்ப்ளூ என்பது புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா நீர். இவற்றில் ஓடுவது ஜே1939, லாரிகளுக்கான கேன் லைன். சாக்கெட் சிலவற்றில் 9 பின் வட்டம், சிலவற்றில் காரில் இருப்பது போன்ற 16 பின். வட்டத்தில் ஏ எர்த், பி பேட்டரி, சி கேன்-ஹை, டி கேன்-லோ. 60 ஓம் கணக்கு இங்கேயும் அதேதான். ஆனால் வண்டி 24 வோல்ட். 12 வோல்ட்டுக்கு மட்டும் செய்த ஸ்கேனரை மாட்டிவிடாதீர்கள்.

லாரிப் பிழையில் எஸ்.பி.என் (எதில் பிழை), எஃப்.எம்.ஐ (என்ன வகைப் பிழை) என்று இரண்டு எண் வரும். எஸ்.பி.என் 639 வந்தால் லைன் பிழை. எஃப்.எம்.ஐ 9 என்று வந்தால் ஏதோ ஒரு மாட்யூலின் செய்தி நேரத்துக்கு வரவில்லை. முதலில் பார்க்க வேண்டியது சைலன்சர் பக்கம் இருந்து புகையை அளக்கும் நாக்ஸ் சென்சார். அதன் ஒயர் சூட்டில் உருகி சேசிஸைத் தொடும். சென்சாரின் சின்னப் பெட்டியே நேராக கேன் லைனில் பேசுவதால், அது உள்ளே ஷார்ட் ஆனால் லைனையே கீழே இழுக்கும். சென்சார் கப்ளரைப் பிரித்துவிட்டு மற்றவை பேசத் தொடங்குகின்றனவா என்று பாருங்கள். ஆட்ப்ளூ காய்ந்த வெள்ளை உப்பு கப்ளர்களில் படிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆட்ப்ளூ செம்பை அரிக்கும்.

கடைசியாக பாடியில் வெல்டிங் எப்போது நடந்தது என்று கேளுங்கள். பேட்டரியையும் மாட்யூல் கப்ளர்களையும் கழற்றாமல் வெல்டிங் வைத்த வண்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட மாட்யூல் உண்மையிலேயே போயிருக்கலாம். அப்படியென்றால் சாலையோரத்தில் தேடிக்கொண்டிருக்காமல் கம்பெனி சர்வீஸ் ஆளை வரவழையுங்கள்.

மாட்யூல்தான் என்று உறுதியான பிறகு

புதுப்பேட்டையில் பழைய ஈ.சி.யூ மலிவாகக் கிடைக்கும். மாட்டியதும் வண்டி ஓடும் என்று நினைக்காதீர்கள். பல வண்டிகளில் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியோடு அது பொருந்தாது. கோடிங் செய்யாமல் செல்ஃப் அடித்தாலும் எஞ்சின் பிடிக்காது. உங்கள் பழைய பெட்டியின் தகவலைப் புதியதில் ஏற்றித்தர முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள். பெட்டியை மாற்றுவதற்கு முன் போர்டு ரிப்பேர் செய்பவரிடம் ஒரு தடவை காட்டுவதும் நல்லது. பழைய பெட்டியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

வாரண்டியில் இருக்கும் வண்டி, ஏர்பேக் பிழை, ஆரஞ்சு நிற ஒயர் ஓடும் மின்சார வண்டி, ஹைபிரிட் வண்டி: இவற்றில் பேட்டரி அளவையும் பியூஸையும் தாண்டி நீங்களாக எதையும் பிரிக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் கோடுகளை அழித்து, பிழை வந்ததாக ஓட்டுநர் சொன்ன அதே ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். மறுபடி முழு ஸ்கேன் எடுத்து, முதலில் எழுதிய காகிதத்தோடு ஒப்பிடுங்கள். எல்லா மாட்யூலும் பதில் சொல்லும் பக்கத்தில் இருந்தால் வண்டியைக் கொடுத்துவிடலாம். அந்தக் காகிதத்தையும் ஓட்டுநர் கையில் கொடுங்கள்.